குற்றாலத்துக்கு மழை நிலவரம் சொல்ல மலை மேல் யார் இருக்கிறார்கள்? 1855-ல் அகத்தியமலையில் இயங்கிய ஆய்வகமும், இன்றைய தேவையும்

2024 மே 17. பழைய குற்றால அருவியில் சுற்றுலாப் பயணிகள் குளித்துக்கொண்டிருந்தார்கள். மலைப்பகுதியில் பெய்த மழையால் அருவியில் திடீரென காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. அலறியடித்து ஓடியவர்கள் தப்பினார்கள். நெல்லையைச் சேர்ந்த 17 வயது சிறுவன் வெள்ளத்தில் இழுத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான்.

அந்த வீடியோவைப் பார்த்த பலருக்கும் எழுந்த கேள்வி ஒன்றுதான். மலை மேல் மழை கொட்டுகிறது என்பது கீழே குளிப்பவர்களுக்கு ஏன் முன்கூட்டியே தெரிவதில்லை?

இதற்குப் பதில் தேடினால் நாம் மலை உச்சிக்குத்தான் போக வேண்டும். மலை மேல் உட்கார்ந்து வானிலையைக் கவனிக்கும் நிலையம் எப்படி வேலை செய்யும்? அங்கே தினசரி வாழ்க்கை எப்படி இருக்கும்? இதே பொதிகை மலைத்தொடரில் சுமார் 170 ஆண்டுகளுக்கு முன்பே அப்படி ஒன்று இருந்தது தெரியுமா? விரிவாகப் பார்க்கலாம்.

மேல மழை, கீழ வெயில்: இது எப்படி?

குற்றாலத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. டவுனில் ஒரு சொட்டு விழுந்திருக்காது. ஆனால் அருவியில் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்து கொட்டும். 'மேல மழை பிடிச்சிருக்கு' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

காரணம் மலையின் அமைப்பு. கடலில் இருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதினால் மேலே ஏறித்தான் ஆக வேண்டும். மேலே போகப் போக காற்று குளிரும். சராசரியாக ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். குளிர்ந்த காற்றால் பழைய அளவு ஈரத்தைத் தாங்க முடியாது. மேகமாகி, மழையாகக் கொட்டிவிடும். அதனால்தான் அடிவாரத்தைவிட மலைச்சரிவில் மழை அதிகம்.

தென்காசி பகுதிக்கு மழை மூன்று விதமாக வருகிறது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. காற்று அரபிக்கடலில் இருந்து வருவதால் பெரும்பகுதி மழை கேரளப் பக்கமே பெய்துவிடும். மிச்சம் இருக்கும் ஈரம் ஆரியங்காவு, செங்கோட்டை கணவாய் வழியாகவும் மலை முகடுகளைத் தாண்டியும் இந்தப் பக்கம் சிதறும். அதுதான் பெயர்பெற்ற குற்றாலச் சாரல்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இப்போது காற்று வங்கக்கடல் பக்கம் இருந்து வந்து நேராகக் கிழக்குச் சரிவில் மோதும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழை நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. மலை மேல் இருக்கும் மாஞ்சோலையிலும் 50 செ.மீ.க்கு மேல் கொட்டியது.

மூன்றாவது, ஏப்ரல் மே மாதங்களில் வரும் கோடை இடிமழை. இது சின்ன இடத்தில், குறைந்த நேரத்தில், வெளுத்து வாங்கும். பக்கத்து மலையில் வெயில் அடிக்கும். மே மாதச் சம்பவம் இந்தக் காலத்தில் நடந்ததுதான்.

இன்னொரு விஷயமும் முக்கியம். குற்றாலத்தின் எல்லா அருவிகளுக்கும் ஒரே ஆற்றுத் தண்ணீர் வருவதில்லை. பேரருவியில் விழுவது சிற்றாறு. ஐந்தருவிக்கும் பழைய குற்றாலத்துக்கும் தனித்தனி ஓடைகள், தனித்தனி நீர்ப்பிடிப்புப் பகுதிகள். அதனால் ஒரு அருவியில் வெள்ளம் வரும்போது இன்னொன்று அமைதியாக இருக்கலாம். 'ஐந்தருவியில் தண்ணி குறைவாத்தான் விழுது' என்று கேள்விப்பட்டு, பழைய குற்றாலமும் அப்படித்தான் இருக்கும் என நினைத்துவிட முடியாது.

அகத்தியமலை உச்சியில் ஓர் ஆய்வகம்

குற்றாலத்தில் இருந்து நேர்க்கோட்டில் சுமார் 35 கி.மீ. தெற்கே இருக்கிறது அகத்தியமலை. கேரளத்தில் அகஸ்தியர்கூடம் என்பார்கள். தமிழக - கேரள எல்லையில் நிற்கும் இந்தச் சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர், அதாவது 6,100 அடிக்கு மேல். தாமிரபரணி பிறப்பது இந்த மலைப்பகுதியில்தான்.

திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1837-ல் திருவனந்தபுரத்தில் ஒரு வான் ஆய்வகம் தொடங்கப்பட்டது. 1852-ல் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்றவர் ஜான் ஆலன் ப்ரௌன். ஸ்காட்லாந்துக்காரர். பூமியின் காந்தப் புலத்தையும் வானிலையையும் அளப்பதுதான் அவருடைய துறை. திருவனந்தபுரத்தில் இன்றும் மக்கள் பார்க்கப் போகும் மியூசியம் உருவானதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

கடற்கரை நகரத்தில் மட்டும் அளந்தால் போதாது என்று ப்ரௌன் நினைத்தார். அதே நேரத்தில் 6,000 அடி உயரத்திலும் அளந்தால்தான் உயரம் மாறும்போது காற்றழுத்தம், வெப்பநிலை, காந்தப் புலம் எல்லாம் எப்படி மாறுகின்றன என்று ஒப்பிட முடியும். அதற்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் அகத்தியமலை. 1855-ல் அங்கே ஆய்வகம் இயங்கத் தொடங்கியது.

இன்றைக்கே அகத்தியமலை ஏறுவது லேசான காரியம் இல்லை. அன்று சாலை கிடையாது. யானை நடமாடும் காட்டுக்குள் பாதை வெட்ட வேண்டும். கட்டுமானப் பொருள், சாப்பாட்டுச் சாமான், கை பட்டால் உடையும் கண்ணாடிக் கருவிகள் என எல்லாமே ஆள் சுமந்துதான் மேலே போக வேண்டும். அங்கே தங்கி அளவு எடுத்ததில் பெரும்பங்கு ப்ரௌன் பயிற்சி கொடுத்த உள்ளூர் உதவியாளர்களுடையது.

ப்ரௌன் 1865-ல் இந்தியாவை விட்டுக் கிளம்பினார். திருவனந்தபுரம், அகத்தியமலை காந்த அளவீடுகள் அடங்கிய தொகுதி 1874-ல்தான் அச்சாகி வெளிவந்தது. பூமியின் காந்தப் புலத்தில் ஏறத்தாழ 26 நாளுக்கு ஒருமுறை ஏற்ற இறக்கம் வருவதாகவும், அதற்குச் சூரியன் தன்னைத்தானே சுற்றுவதுடன் தொடர்பு இருப்பதாகவும் அவர் சொன்னது அறிவியல் உலகில் பேசப்பட்டது.

முதல் அளவு எடுத்த ஆண்டுக்கும் புத்தகம் வந்த ஆண்டுக்கும் இடையே 19 ஆண்டுகள். ஆராய்ச்சிக்கு அந்தத் தாமதம் பரவாயில்லை. ஆனால் அருவியில் குளிப்பவருக்கு? இதற்குப் பிறகு வருவோம்.

மலை உச்சி நிலையத்தில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

வானிலை நிலையத்தில் கடிகாரம்தான் முதலாளி. உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் அளவு எடுக்க வேண்டும் என்பது விதி. இந்திய நேரப்படி அதிகாலை 5.30-ல் தொடங்கி 8.30, 11.30, பிற்பகல் 2.30 என மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இந்த வேலை நடக்கும். முழு நேர நிலையம் என்றால் நள்ளிரவு தாண்டியும் ஒருவர் டார்ச் எடுத்துக்கொண்டு வெளியே போக வேண்டும்.

வெளியே வெள்ளை நிறத்தில், பக்கவாட்டில் சட்டம் சட்டமாக இடைவெளி விட்ட ஒரு மரப்பெட்டி காலில் நிற்கும். அதன் பெயர் ஸ்டீவன்சன் பெட்டி. வெயிலும் மழையும் நேரடியாகப் படாமல், காற்று மட்டும் புகுந்து போகும். உள்ளே நான்கு வெப்பமானிகள். அதிகபட்சம், குறைந்தபட்சம் காட்ட இரண்டு. மற்ற இரண்டில் ஒன்று உலர்ந்தது, இன்னொன்றின் குமிழில் ஈரத்துணி சுற்றியிருக்கும். இவை இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் காற்றின் ஈரப்பதம் கணக்கிடப்படும்.

தென்காசியில் வெயில் நாளில் இந்த இரண்டு வெப்பமானிகளும் நன்றாகவே வேறுபடும். மலை உச்சியில் மேகம் வந்து மூடிவிட்டால் இரண்டும் ஒரே எண்ணைக் காட்டும். ஈரப்பதம் 100 சதவீதம் என்று அர்த்தம். மழைக்காலத்தில் நாள்கணக்கில் இப்படியே போகும்.

மேகத்தை அளப்பது இன்னும் வேடிக்கை. வானத்தை எட்டுப் பங்காகப் பிரித்து, எத்தனை பங்கு மேகம் என்று கண்ணால் பார்த்து எழுத வேண்டும். மலை உச்சியில் இருப்பவர் பல நாள் மேகத்துக்கு உள்ளேயே நிற்கிறார். அப்போது வானமே தெரியவில்லை என்றுதான் குறிக்க முடியும். சில காலை வேளைகளில் தலைக்கு மேல் நீலவானம், மேகம் காலுக்குக் கீழே.

காலை 8.30-க்கு மழைமானியைத் திறந்து, கடந்த 24 மணி நேரத்தில் சேர்ந்த தண்ணீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்ப்பார்கள். டிவியில் நீங்கள் பார்க்கும் 'ஊத்து இத்தனை செ.மீ., நாலுமுக்கு இத்தனை செ.மீ.' பட்டியல் எல்லாம் இந்த 8.30 கணக்குதான்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. உச்சியில் காற்று பலமாக வீசினால் மழைத்துளி நேராக விழாமல் சாய்ந்து பறக்கும். மழைமானியின் வாய்க்குள் விழ வேண்டிய துளிகளில் ஒரு பகுதி தாண்டிப் போய்விடும். அதனால் பெய்த மழையைவிடப் பதிவான மழை குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

மற்ற வாழ்க்கை? 1,868 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் அல்ல, சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். எனவே குக்கர் இல்லாமல் அரிசி, பருப்பு வேக அதிக நேரம் பிடிக்கும். ஈரக்காற்றில் துணி காயாது. உப்பு நீர்த்துவிடும். தீப்பெட்டி நமத்துப் போகும். அட்டைக்குத் தப்ப முடியாது. இடி இடித்தால் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான இடத்தில் இருப்பது நீங்கள்தான். கடலோரத்தைவிட 12 டிகிரி வரை குளிர் அதிகம். இதோடு தனிமையும் சேர்ந்துகொள்ளும்.

உலகில் வேறு எங்கே இப்படி இருக்கிறது?

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலை உச்சியில் 1883 முதல் 1904 வரை ஒரு நிலையம் இயங்கியது. இரவு பகல் பாராமல் மணிக்கு ஒருமுறை அளவு எடுத்தார்கள். 1894-ல் சில வாரம் அங்கே வேலை பார்த்த சி.டி.ஆர்.வில்சன், மேகத்தில் சூரிய ஒளி காட்டிய வண்ணங்களைப் பார்த்து வியந்து, ஆய்வகத்துக்குள்ளேயே மேகம் உண்டாக்க முயன்றார். அதில் இருந்து பிறந்த 'மேக அறை' கருவிக்காக 1927-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்த நிலையம் மூடப்பட்டதற்கு முக்கியக் காரணம், நடத்தப் பணம் இல்லாதது.

அமெரிக்காவின் மவுன்ட் வாஷிங்டன் 1,917 மீட்டர். ஏறத்தாழ நம்ம அகத்தியமலை உயரம்தான். 1934 ஏப்ரல் 12-ல் அங்கே மணிக்கு 372 கி.மீ. வேகத்தில் காற்று பதிவானது. 60 ஆண்டுகளுக்கு மேல் அதுதான் உலக சாதனை. அங்கே இன்றும் ஆட்கள் தங்கி வேலை செய்கிறார்கள்.

ஜப்பானின் ஃபூஜி மலை உச்சியில் 1932 முதல் ஆட்கள் இருந்தார்கள். 2004-ல் அவர்கள் இறங்கிவிட, தானியங்கிக் கருவிகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டன.

தமிழ்நாட்டில் மலை மேல் நெடுங்காலமாக இயங்குவது என்றால் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். 1899-ல் தொடங்கப்பட்டது, சுமார் 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

இப்போது ஆளே வேண்டாமா?

இன்று பெரும்பாலான மலைகளில் ஆள் தங்க வேண்டியதில்லை. தானியங்கி வானிலை நிலையம் போதும். ஒரு கம்பம், சோலார் பேனல், பேட்டரி, காற்றாடி, மழைமானி, தகவல் அனுப்பும் கருவி. அவ்வளவுதான்.

அதில் உள்ள மழைமானிக்குள் சீசா பலகை மாதிரி இரண்டு சின்னக் கிண்ணங்கள் இருக்கும். 0.2 அல்லது 0.5 மி.மீ. மழை சேர்ந்ததும் ஒரு கிண்ணம் சாய்ந்து கொட்டும், அடுத்தது நிரம்பத் தொடங்கும். எத்தனை முறை சாய்ந்தது என்று எண்ணி, 15 நிமிடத்துக்கு ஒருமுறை தகவல் அனுப்பிவிட முடியும்.

ஆனால் இயந்திரத்தையும் கவனிக்க ஆள் வேண்டும். மழைமானியின் துளையை ஒரு இலை அடைத்துவிட்டால் போதும், வெளியே மழை கொட்டும்போது 'மழை இல்லை' என்று தகவல் போகும். வாரக்கணக்கில் மேகம் மூடினால் சோலார் பேனலில் சார்ஜ் ஏறாது. காட்டுக்குள் செல்போன் சிக்னல் கிடைக்காது, செயற்கைக்கோள் வழி தேவைப்படும். மின்னல், குரங்கு, யானை என ஆபத்து வேறு. அதாவது, மழை தீவிரமாக இருக்கும் நேரத்தில்தான் கருவி கைவிடும் வாய்ப்பும் அதிகம். மாதம் ஒருமுறையாவது ஒருவர் மலை ஏறித் துடைத்துப் பார்த்தால்தான் அந்த எண்ணை நம்ப முடியும்.

ரேடார் இருக்கிறதே, அது போதாதா?

திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் வானிலை ரேடார்கள் உள்ளன. திருவனந்தபுரம் ரேடாரில் இருந்து குற்றாலம் சுமார் 60 கி.மீ. தூரம்தான். ஆனால் நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. ரேடார் அலை நேர்க்கோட்டில் போவதால், மலைக்குப் பின்னால் தாழ்வாக இருக்கும் மழை மேகத்தை முழுமையாகப் பார்ப்பது கஷ்டம். உயரமான இடிமேகம் தெரியும். மலைச்சரிவை ஒட்டி ஊறும் மழை தப்பிவிடலாம்.

இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை கொடுக்கிறது. அடுத்த மூன்று மணி நேரத்துக்கான முன்னறிவிப்பும் உண்டு. தெற்காசிய நாடுகளுக்கான திடீர் வெள்ள வழிகாட்டு அமைப்பு 2020-ல் தொடங்கப்பட்டது. இவை எல்லாம் பயனுள்ளவை. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை மாவட்டத்துக்கோ, பெரிய நீர்ப்பிடிப்புப் பகுதிக்கோ பொதுவானவை. 'இந்த ஓடையில், இந்த அருவிக்கு, இன்னும் இருபது நிமிடத்தில்' என்று சொல்ல, அந்த ஓடைக்கு மேலேயே ஒரு மழைமானி வேண்டும்.

கையில் இருப்பது எத்தனை நிமிடம்?

ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர கி.மீ. பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் அது 1 கோடி லிட்டர் தண்ணீர். 10 சதுர கி.மீ. மலைச்சரிவில் ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. மழை என்றால் 50 கோடி லிட்டர். அதில் பாதியை மண்ணும் காடும் குடித்துவிட்டாலும், மீதி 25 கோடி லிட்டர் குறுகலான பாறை ஓடை வழியாகத்தான் இறங்க வேண்டும்.

செங்குத்தான ஓடையில் வெள்ளம் விநாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 5 கி.மீ. மேலே பெய்த மழை அருவிக்கு வந்து சேர அரை மணி நேரம்கூட ஆகாது.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். தினமும் காலை 8.30-க்கு ஒருமுறை படிக்கும் மழைமானி, நேற்று மதியம் வந்த வெள்ளத்தை இன்று காலைதான் சொல்லும். மாதச் சராசரிக்கும் அணை மேலாண்மைக்கும் அது தேவை. அருவிக்கரையில் நிற்பவருக்கு அதனால் பயன் இல்லை. 15 நிமிடத்துக்கு ஒருமுறை தகவல் வந்தால், மக்களை வெளியேற்ற மீதி 10 முதல் 15 நிமிடம் கிடைக்கும். தகவல் வரும் இடைவெளி, வெள்ளம் வரும் நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மலை மேல் நிலையம் இருப்பதன் அர்த்தமே இதில்தான் அடங்கியிருக்கிறது.

அந்தத் தகவலும் யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரில் நின்றுவிடக் கூடாது. அருவியில் பணியில் இருக்கும் காவலருக்குப் போக வேண்டும், எந்த அளவு தாண்டினால் விசில் அடிப்பது என்பது முன்கூட்டியே முடிவாகி இருக்க வேண்டும், சத்தம் கேட்டதும் மக்கள் ஏறி வர வேண்டும். இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் மேலே இருக்கும் கருவியால் பலன் இல்லை.

குற்றாலம் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

* குற்றாலத்தில் வெயில் அடிக்கிறதா என்று பார்க்காதீர்கள். மலை முகட்டைப் பாருங்கள். கருமேகம் மூடி, இடி கேட்டால் அருவியில் இருந்து விலகிவிடுங்கள்.

* தெளிந்த தண்ணீர் திடீரென கலங்கலாக மாறினாலோ, குச்சி, இலை, சின்னக் கற்கள் சேர்ந்து வந்தாலோ, மேலே இருந்து உறுமல் மாதிரி சத்தம் கேட்டாலோ ஒரு நொடிகூட யோசிக்க வேண்டாம். துணி, செல்போன், செருப்பு எதையும் தேடாமல் பக்கவாட்டில் மேடான இடத்துக்கு ஏறுங்கள்.

* பேரருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டித் தண்ணீர் கொட்டினால் குளிக்கத் தடை விதிப்பார்கள். தடை போட்ட பிறகு 'அஞ்சு நிமிஷம் மட்டும்' என்று காவலரிடம் கெஞ்சாதீர்கள்.

* ஒரு அருவியில் தடை இல்லை என்பதால் இன்னொரு அருவியும் பாதுகாப்பு என்று அர்த்தம் இல்லை.

* கிளம்பும் முன் மாவட்டத்துக்கான மழை எச்சரிக்கையைப் பாருங்கள். ஆரஞ்சு, சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிப்போடலாம்.

* குழந்தைகளையும் முதியவர்களையும் ஏறி வருவதற்கு எளிதான ஓரத்தில் மட்டும் நிற்க வையுங்கள். வெளியேறும் வழி எது என்பதைக் குளிப்பதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

சாரல் சீசனில் குற்றாலத்துக்கு லட்சக்கணக்கானோர் வருகிறார்கள். கலங்கல் தண்ணீரைக் கண்டு ஓடுவது கடைசி நொடித் தற்காப்பு. அதற்கு இருபது நிமிடம் முன்பே எச்சரிக்கை கொடுக்க ஒவ்வொரு அருவியின் ஓடைக்கு மேலேயும் அடிக்கடி தகவல் அனுப்பும் மழைமானி, அதைப் பராமரிக்க ஆட்கள், கீழே உடனே முடிவெடுக்கும் அதிகாரி என மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும்.